முதலில் தோன்றுவது முதன்மையானதா?



இப்பகுதியில் திங்கள்தோறும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றை எடுத்து எழுதி வருகிறேன். பிறருக்கு வழி சொல்வது எளிய செயல். அதனால் இதுவரை எனக்கு இடையூறு எதுவும் நேர்ந்ததில்லை. இத்திங்கள் அவ்வாறன்று. என் அறியாமையைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. எழுதலாமா, விட்டுவிடலாமா என்று சில நாட்கள் தயங்கினேன். “ஏமாந்தவர் எல்லாரும் வாய்மூடி இருப்பதனால்தானே ஏமாற்றுகிறவர்களுக்கு நாள்தோறும் அறுவடையாக இருக்கிறது? எழுதுங்கள்” என்று என் மனைவி கூறினாள். அதனால் எழுதுகிறேன்.

சென்ற தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, கும்பகோணத்திலுள்ள என் தமக்கையார் எங்களுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். தில்லியில் வாழும் நம்மவர்க்கு அத்தகைய பார்சலின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அரிசி வற்றல், மணத்தக்காளி வற்றல், நார்த்தங்காய் ஊறுகாய், வீட்டில் இடித்த சாம்பார்ப் பொடி, குழந்தைக்கென்று ஒரு பாவாடைத் துணி. எங்கள் மகள் கல்லூரியில் படிக்கிறாள்; எனினும் தமக்கையாருக்கு அவள் இன்னும் குழந்தைதான். குறித்த நாளில் பார்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் பொறுமையிழந்து, அந்தக் கூரியர் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கைப்பேசியில் தேடினேன். கணப்பொழுதில் பத்து விடைகள் வரிசையாக வந்து நின்றன. முதலில் தோன்றிய எண்ணை அழுத்தினேன்.

மறுமுனையில் பேசிய இளைஞர் மிகுந்த பணிவுடன் இந்தியில் பேசினார். முகவரியில் சிறு பிழை இருப்பதால் பார்சல் கிடங்கில் நிற்கிறது என்றும், 5 ரூபாய் செலுத்தினால் மறுநாளே வீடு வந்து சேரும் என்றும் சொன்னார். அதற்கென்று ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுமாறு வழிகாட்டினார். என் கைப்பேசித் திரையில் தோன்றுவதையெல்லாம் அவர் தம் இடத்திலிருந்தே காண்பதற்கான செயலி அது என்பதை நான் அறியேன். 5 ரூபாய்தானே என்று வங்கி அட்டையின் எண்ணைப் பதித்தேன். பின்னர் வந்த ஒருமுறைக் கடவெண்ணையும் பதித்தேன். “ஒரு நிமிடம், ஐயா” என்று அவர் என்னை இணைப்பிலேயே நிறுத்தி வைத்தார். நானும் நன்றி கூறிக் காத்திருந்தேன்.

அந்த நேரத்தில் என் மகள் உள்ளே வந்தாள்.

“அப்பா, யாரோடு பேசுகிறீர்கள்?”

“பார்சல்காரரோடு அம்மா. 5 ரூபாய் கட்ட வேண்டுமாம்.”

அவள் திரையை ஒரு முறை பார்த்தாள். மறுசொல் பேசாமல் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி, இணைப்பைத் துண்டித்து அணைத்துவிட்டாள். அதற்குள் இருமுறையாக 38,500 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்விட்டிருந்தது. அது எதற்காகச் சேர்த்த பணம் தெரியுமா? வரும் தைத் திங்களில் அதே தமக்கையாரின் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீர் வைப்பதற்கும், நாங்கள் மூவரும் ஊர் சென்று வருவதற்கும் ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அது.

என் மகள் தன் கைப்பேசியிலிருந்து உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தாள். இணையவழிப் பண மோசடிகளை அறிவிப்பதற்கு நாடு முழுமைக்கும் உள்ள எண் அது. வங்கிக்கும் தெரிவித்தோம், அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தோம். விரைந்து அறிவித்ததனால், இரண்டாம் முறை சென்ற 20,000 ரூபாய் இடைவழியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதனைத் திரும்பப் பெறுவதற்கான முறைகள் நடந்து வருகின்றன. எஞ்சிய 18,500 ரூபாய் போனது போனதுதான். பார்சலோ, யாருடைய உதவியும் இன்றி மறுநாள் காலை தானே வந்து சேர்ந்தது!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பார்சல் அனுப்பிய அன்றே தமக்கையார் அதன் ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். நிறுவனத்தின் உண்மையான எண் அந்த ரசீதின் அடியில் அச்சிடப்பட்டிருந்தது. கையில் இருந்த விடையை விட்டுவிட்டு நான் உலகம் முழுவதும் தேடப் போனேன்.

நேயர்களே, நான் ஏன் ஏமாந்தேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்தேன். பேராசை காரணமன்று, எவரும் எனக்குப் பரிசு தருவதாகச் சொல்லவில்லை. படிப்பறிவின்மையும் காரணமன்று, முப்பதாண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்தவன் நான். ‘முதலில் தோன்றுவதே சரியானது’ என்னும் நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது?

நான் 1986-ஆம் ஆண்டு வேலை கிடைத்து இந்நகருக்கு வந்தேன். புதுதில்லி நிலையத்தில் இறங்கியபோது என்னிடம் ஒரு தகரப் பெட்டியும், ஓர் உறவினர் எழுதிக் கொடுத்த கரோல் பாக் முகவரியும் இருந்தன. அறை எங்கே கிடைக்கும், பச்சரிசி எங்கே கிடைக்கும், காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது என்பவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன். உணவகத்தில் எதிரே அமர்ந்து சாப்பிட்டவரிடம் கேட்டேன். கோயில் வாசலில் கேட்டேன். நம் மன்றத்து அறிவிப்புப் பலகையின் முன் நின்று கேட்டேன். அங்கே முதலில் விடை சொன்னவர் பெரும்பாலும் அனுபவமுள்ளவராகவே இருந்தார். தெரியாதவர் ‘தெரியாது’ என்றார். தவறாகச் சொன்னவரை மறு ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் காணலாம், காரணம் கேட்கலாம். விடையோடு ஒரு முகமும் வந்தது. அந்த முகத்துக்கு ஓர் ஊரும், ஒரு வீடும், ஒரு நற்பெயரும் இருந்தன.

அந்தப் பழக்கத்தையே நான் கைப்பேசிக்கும் கொண்டு போனேன். ஆனால் கைப்பேசி தரும் விடைக்கு முகம் இல்லை. முகத்தை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். செய்தியைத் தேடுவதைவிட, செய்தி சொல்பவர் யார் என்று தேடுவதே இக்காலத்தில் பெரிய வேலை. இதனை எனக்குக் கற்பித்தவள் என் மகள்.

அன்றிரவு உணவுக்குப் பின் அவள் எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். “அப்பா, நீங்கள் கேட்டவுடன் அந்தப் பொறி உலகமெங்கும் ஓடிப் போய்த் தேடுகிறது என்றா நினைத்தீர்கள்?” என்று தொடங்கினாள். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. தேடுபொறி இணையத்திலுள்ள பக்கங்களை முன்னரே சென்று படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஒரு பெரிய அடைவு ஆக்கி வைத்துக்கொள்கிறது. நூலின் இறுதியில் சொல்லடைவு இருக்கிறதன்றோ? அதுபோன்றதே. நாம் கேட்கும்போது அது தன் அடைவைத்தான் புரட்டிப் பார்க்கிறது. அடைவில் ஏறாத பக்கம் அதற்கு இல்லாத பக்கம்.

அடைவு செய்து தேடுவது நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் நிகண்டுகளைச் செய்யுளாக இயற்றி மனப்பாடம் செய்துகொண்டார்கள். சொல்லுக்குப் பொருள் வேண்டுமாயின் நினைவிலேயே தேடினார்கள். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகரவரிசையில் அமைத்தார். மனப்பாடம் இல்லாதவரும் தேட முடிந்தது. ஆனால் அகராதியில் ஒரு சொல் முதலில் வருவது அதன் எழுத்தினால். அதன் சிறப்பினால் அன்று. அம்மா என்னும் சொல் முன்னும் மாமன் என்னும் சொல் பின்னும் வருவதனால் எந்த மாமனும் வருந்துவதில்லை.

தேடுபொறியின் வரிசை அத்தகையதன்று. பக்கங்களைத் தரம் பார்த்து நிறுத்துகிறது அது. 1998-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் இருவர் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையாண்ட முறை இதுதான்: எந்தப் பக்கத்தைப் பிற பக்கங்கள் மிகுதியாகச் சுட்டுகின்றனவோ, அதனை மதிப்புள்ள பக்கமாகக் கொள்வது, சுட்டுகின்ற பக்கமே மதிப்புடையதாயின் இன்னும் கூடுதலான மதிப்புத் தருவது. இன்று இதனோடு வேறு பல கணக்குகளும் சேர்ந்துள்ளன. நல்ல முறைதான், பெரும்பாலும் நல்ல விடையே கிடைக்கிறது. ஆயினும் வரிசையின் தலையில் சில இடங்கள் பணம் கொடுத்தவர்க்கு உரியவை. அவற்றின் மேல் சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்னும் பொருள்படும் குறிப்பு இருக்கும். கண்ணாடி அணியாத என் போன்றோர்க்கு அது தெரிவதில்லை.

மோசக்காரர்கள் இந்த வரிசையின் இயல்பை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். மக்கள் பதற்றத்தோடு எவற்றைத் தேடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்: வங்கியின் உதவி எண், எரிவாயு முகவரின் எண், பணம் திரும்பப் பெறும் வழி, வராத பார்சல். அச்சொற்களையே நிரப்பிப் பொய்ப் பக்கங்களை ஆக்குகிறார்கள், விளம்பரமும் கொடுக்கிறார்கள். இணைய வரைபடங்களில் திருத்தம் சொல்லும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. அந்த வழியாகக்கூடத் தம் எண்ணை நுழைத்து, வங்கியின் எண் போலக் காட்டியிருக்கிறார்கள். வலையை விரித்துவிட்டு அவர்கள் காத்திருக்கிறார்கள், அழைப்பவர்கள் நாம்தான். அயலார் நம்மை அழைத்தால் ஐயுறுகிறோம். நாமே தேடி அழைத்த எண்ணை எவ்வாறு ஐயுறுவோம்? என் நிலையும் அதுவே ஆயிற்று.

மகள் பாடம் முடித்ததும், நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், டாக்டர் உ. வே. சாமிநாதையரைப் பெயரளவில்தான் அறிவாள்.

1880-இல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைப் பார்த்து, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள் எனத் தாம் கற்றவற்றை வரிசையாக அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணிச் சுவடியைக் கையில் எடுத்தபோது, அதிலுள்ள சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? அந்நூலை அறிந்தவர் யார் என்று தேடினார். கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்குச் சென்று, அவர்களிடம் மாணவர்போல் கேட்டுத் தெளிந்தார். பின்னர் 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டார். 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சிட்டார்.

இதில் நமக்குரிய பாடம் ஒன்றுண்டு. ஒரு சுவடி கிடைத்தவுடன் அதனை அப்படியே அவர் அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று அதே நூலின் வேறு சுவடிகளைத் தேடினார். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார். வேறுபட்ட பாடங்களைக் குறித்து வைத்தார். சுவடியை ஒப்பிடுவோர்க்குத் தெரிந்த நுட்பம் ஒன்று உண்டு: பிழையுள்ள ஒரே சுவடியைப் பார்த்துப் பத்துப் பேர் படியெடுத்திருந்தால், அவை பத்துச் சாட்சிகள் ஆகமாட்டா, ஒரே சாட்சிதான். வேறு வழியில் வந்த இன்னொரு சுவடி கிடைத்தால்தான் இரண்டாம் சாட்சி.

“அப்பா, இது வாட்ஸ்அப்புக்கும் பொருந்துமே!” என்றாள் மகள்.

உண்மைதான். நம் குடியிருப்பிலுள்ள முதிய அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு கஷாயத்தைப் பருகத் தொடங்கினார். காரணம் கேட்டபோது, “நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்களே, நால்வரும் பொய்யா சொல்வார்கள்?” என்றார். நால்வரும் பொய் சொல்லவில்லை. நால்வரும் ஒரே சுவடியைப் படியெடுத்தவர்கள். மூன்றாம் வாரம் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குச் சென்ற பிறகே அவர் மாத்திரைக்குத் திரும்பினார். இத்தகைய பரவலைக் கட்டுப்படுத்துவதற்காகவே 2018-ஆம் ஆண்டு வாட்ஸ்அப் நிறுவனம், வழிவழியாக வரும் செய்திகளின் மேல் அடையாளம் இட்டது. நம் நாட்டில் ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு எல்லையும் வகுத்தது. 2020-இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் சுருக்கியது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியைக் கண்டால், அது பல கை மாறி வந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். அதனை எழுதியவர் உங்களுக்கு அனுப்பிய நண்பர் அல்லர்.

இப்போது இன்னொரு புதிய வகைத் தேடலும் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், மக்கள் பொறியோடு உரையாடியே விடை பெறுகின்றனர். தேடுபொறிகளும் இப்போது பல கேள்விகளுக்குப் பக்கங்களின் வரிசைக்கு மேலேயே ஒரு சுருக்க விடையைத் தாமே எழுதிக் காட்டுகின்றன. இவை மிகவும் பயனுள்ளவை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் இவை பெருந்திரளான எழுத்தைப் பயின்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்னும் கணக்கினால் விடையை எழுதுகின்றன. ஆகவே சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே தெளிவோடு, ஒரே பணிவோடு சொல்லும். என்னிடம் 5 ரூபாய் கேட்ட இளைஞரின் பணிவு எனக்கு நினைவு வந்தது. இங்கே வஞ்சகம் இல்லை, எனினும் விழிப்பு வேண்டும்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள். நட்பைப் பற்றி ஒரு குறள் எழுதி வருமாறு ஆசிரியை கூறியிருந்தார். சிறுமி ஒருத்தி இரண்டு அடிகளை அழகாக எழுதி வந்து படித்தாள். எதுகையும் மோனையும் இருந்தன. ஆசிரியைக்கு மட்டும் ஐயம். நூலைத் திறந்து நட்பைப் பற்றிய அதிகாரங்களைப் பார்த்தார், அங்கே இல்லை. பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்து தேடியது. 1330 குறள்களிலும் அப்படியொரு குறள் இல்லை! சிறுமி கேட்டாள், பொறி எழுதிக் கொடுத்தது. பிழை சிறுமியுடையது அன்று. ஊரில் இருந்தால் பாட்டியோ தெருவிலுள்ள தமிழாசிரியரோ கேட்ட மாத்திரத்தில் திருத்தியிருப்பார்கள். வேற்று மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழைப் பொறுத்தவரை அந்தப் பொறியே பல நேரங்களில் பாட்டியாகவும் ஆசிரியராகவும் இருக்கிறது. ஆகையால் நம் பொறுப்பு மற்றவர்களைவிட ஒரு படி அதிகம்.

தமிழில் தேடுவோர்க்கு நல்ல வாயில்களும் பல உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பினால் இணையத்தில் ஏற்றி வருகிறது. 2001-இல் தமிழ்நாட்டு அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் அதன் நூலகத்தில் இலக்கியங்களும் உரைகளும் அகராதிகளும் கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து வருகிறது. அதில் கட்டுரையின் கீழுள்ள மேற்கோள்களையும் பார்க்கப் பழக வேண்டும். குறளைத் தேடும் பிள்ளையை இத்தகைய வாயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கேள்வியைத் தமிழ் எழுத்திலேயே எழுதித் தேடச் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தேடினால் ஒருவகை விடையும், தமிழ் எழுத்தில் தேடினால் வேறுவகை விடையும் வருவதை அவர்களே காண்பார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்களை வகுத்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் ஏற்கலாம்.

முதலாவது, தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடுவதில்லை. வங்கியின் எண் அட்டையின் பின்புறத்திலும் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. எரிவாயுவுக்கும் பார்சலுக்கும் ரசீதிலேயே இருக்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டோம். 1930 என்னும் எண் அத்தாளின் தலையில் இருக்கிறது.

இரண்டாவது, விடையைப் படிப்பதற்கு முன் அதன் முகவரியைப் படிக்கிறோம். அரசின் தளங்கள் பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்றோ ‘என்.ஐ.சி. டாட் இன்’ என்றோ முடியும். வங்கிகள் தத்தம் இணைய முகவரிகளை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியுமாறு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. தளத்தின் பெயர் எதில் முடிகிறது என்பதே முக்கியம். நடுவில் எந்தப் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது, உடல்நலம், பணம், சட்டம் ஆகிய மூன்றிலும் ஒரு சுவடியோடு நிற்பதில்லை. வேறு வழியில் வந்த இரண்டாம் சாட்சியைத் தேடுகிறோம். எழுதிய நாளையும் பார்க்கிறோம்; பழைய சுற்றறிக்கை ஒன்று புதிய செய்திபோல் உலவுவது வழக்கமாகிவிட்டது.

நான்காவது, பதற்றத்தில் தேடுவதில்லை. எவரேனும் ‘இப்பொழுதே செய்யுங்கள்’ என்றால், அதுவே நிறுத்திக்கொள்வதற்கான அடையாளம். வற்றல் ஒரு நாள் தாமதமாக வந்தால் எந்த வீட்டிலும் உலை அணைவதில்லை.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்த்தேன்: தேடிக் கிடைத்ததை மனிதர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது. இந்நகரில் பள்ளிச் சேர்க்கைக்கு என்னென்ன சான்றிதழ்கள் கேட்கிறார்கள், எந்த அலுவலகத்தில் எந்தச் சாளரத்தில் போய் நிற்க வேண்டும் என்பவை சென்ற மாதம் சென்று வந்தவர்க்குத் தெரிவதுபோல் எந்தப் பொறிக்கும் தெரியாது. அவர் நம் மன்றத்தில்தான் இருப்பார்.

இதனை முன்னிட்டு நம் மன்றச் செயலாளரிடம் பேசினேன்; அவரும் இசைந்தார். அடுத்த திங்கள் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரம், நம் நூலக அறையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அமர்ந்திருப்பார்கள். முதியோர் தம் கைப்பேசியையும் ஐயங்களையும் கொண்டு வரலாம். இளைஞர்கள் தேடும் முறையைக் காட்டுவார்கள். முதியோர் எதைக் கேட்பது, எதை நம்புவது என்னும் பட்டறிவைப் பகிர்ந்துகொள்ளலாம். கடவெண்களை மட்டும் எவரிடமும் சொல்ல வேண்டா. எங்கள் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டா.

இறுதியாக ஒன்று. நடந்ததைத் தமக்கையாரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். சீர் குறைந்தால் சம்பந்தி வீட்டார் முன் அவருக்குத் தலைகுனிவு ஆகுமே என்னும் அச்சம். இரண்டு வாரம் உறக்கமில்லை. பிறகு ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்னர், “ஏன் தம்பி, அந்த ரசீதைத்தான் உனக்கு அன்றைக்கே அனுப்பினேனே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். அவர் சொன்ன அடுத்த சொல், “சீரை விடு. நீ வந்து மணவறையில் நின்றால் போதும்.”

தைத் திங்களில் ஊர் செல்கிறோம். திரும்பி வந்து, அங்கே கண்டவற்றை இப்பகுதியில் எழுதுவேன். அதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இவ்விதழை மூடி வைத்ததும், உங்கள் வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு 1930 என்னும் எண்ணைச் சொல்லி வையுங்கள். எவரேனும் ஏமாந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் உங்களிடம் உடனே வந்து சொல்வதற்கு அஞ்சாமல் இருப்பதுதான் முக்கியம். எங்கள் வீட்டில் 20,000 ரூபாயையேனும் நிறுத்திவைக்க முடிந்தது அதனால்தான்.